ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன்

சர்வீஸ் பில் எவ்வளவு வரும் என்பது, காலையில் வண்டியை விடும் அந்தப் பத்து நிமிடத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். சாயங்காலம் கவுன்டரில் நின்று வாதாடினால் வாஷிங் சார்ஜில் நூறு ரூபாய் குறைப்பார்கள். மிஞ்சிப்போனால் டேஷ்போர்டில் ஒரு பெர்ஃப்யூம் வைத்து அனுப்புவார்கள். செய்து முடித்த வேலைக்கு, அதுவும் நீங்களே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட வேலைக்கு, பணம் தர மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. ஆகவே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியது.

எதிரே நிற்பவர் யார்?

‘கம்பெனி சர்வீஸ்’ என்று நாம் சொன்னாலும், பெயர்ப்பலகைக்கு உள்ளே கடை நடத்துபவர் டீலர். அவர் தனி முதலாளி. உதிரிபாகத்துக்கு விலை வைப்பது கார் கம்பெனி. லேபர் கட்டணமோ ஊருக்கு ஊர் மாறும். ஒரே ஊரில் டீலருக்கு டீலர் மாறுவதும் உண்டு. புது வண்டி விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் மெல்லியது. ஷோரூம் கண்ணாடியும் ஏசியும் சம்பளமும் பெருமளவு சர்வீஸ், ஸ்பேர், இன்சூரன்ஸ் வருமானத்தில்தான் ஓடுகின்றன.

அந்த வருமானத்தின் வாசலில் நிற்பவர் சர்வீஸ் அட்வைசர். அவர் மெக்கானிக் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் வண்டியைக் கழற்றப்போகிறவர் உள்ளே இருக்கிறார். அட்வைசரின் வேலை வண்டியை வாங்குவது, ஜாப் கார்டு போடுவது, வேலைகளை எடுத்துச் சொல்வது, சாயங்காலம் ஒப்படைப்பது. மாதத்துக்கு இத்தனை வண்டி, அதில் ‘வேல்யூ ஆடட் சர்வீஸ்’ இத்தனை ரூபாய் என்று அவருக்கு இலக்கு உண்டு. மாதக் கடைசியில் அவர் குரலில் கனிவு கூடினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். அவரைத் திருடன் போல நடத்துவதும் தவறு. தன் வேலையைச் செய்கிற ஒரு இளைஞர் அவர். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மரியாதையாகவும் தெளிவாகவும் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும். முடிந்தால் சனிக்கிழமையைத் தவிருங்கள். செவ்வாய், புதன் காலையில் போனால் அவருக்கு உங்களோடு வண்டியைச் சுற்றிவர நேரம் இருக்கும்.

புத்தகத்தை எடுத்துப் படியுங்கள்

வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவல் குளவ் பாக்ஸில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கும். அதில் பராமரிப்பு அட்டவணை என்று இரண்டு மூன்று பக்கம் இருக்கும்: எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை மாதத்தில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் போதும் என்று. வண்டியை உருவாக்கியவர்கள் எழுதிய பட்டியல் அது ஒன்றுதான். அந்தப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் ‘மாற்று’, ‘பரிசோதி’ என இரண்டு குறிகள் இருக்கும். ‘பரிசோதி’ என்பது பில்லில் ‘மாற்று’ ஆகிவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. கிலோமீட்டர், மாதம் என்ற இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வருடத்துக்கு 3,000 கி.மீ. மட்டும் ஓட்டுகிற ஓய்வுபெற்றவரும் வருடத்துக்கொரு முறை ஆயில் மாற்றத்தான் வேண்டும். ‘வண்டி ஓடவே இல்லையே’ என்று இரண்டு வருடம் தள்ளிப் போடுவது சிக்கனம் ஆகாது.

இன்னொரு சிறு பட்டியலும் அதே புத்தகத்தில் இருக்கும்: கடுமையான சூழலில் ஓடும் வண்டிகளுக்கானது. மலைச்சாலை, புழுதி மட்டும்தான் கடுமை என்று நினைக்கிறோம். நின்று நின்று போகும் நெரிசலும், இன்ஜின் சூடேறுவதற்குள் முடிந்துபோகும் குறுந்தூர ஓட்டமும் அதில் சேரும். வேளச்சேரியிலிருந்து கிண்டி வரை தினம் ஓட்டுகிறவர், நெடுஞ்சாலையில் மதுரைக்குப் போய்வருகிறவரைவிடக் குறைவான கிலோமீட்டரில் ஆயிலும் ஏர் ஃபில்டரும் மாற்ற வேண்டியிருக்கும். இந்த விஷயத்தில் அட்வைசர் ‘கொஞ்சம் சீக்கிரம் மாத்திடலாம் சார்’ என்று சொன்னால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

‘ஃப்ரீ சர்வீஸ்’ என்றால் லேபர் மட்டுமே இலவசம். மாருதியை எடுத்துக்கொண்டால் 1,000, 5,000, 10,000 கி.மீ. அல்லது 1, 6, 12 மாதங்களில் வரும் மூன்று சர்வீஸ்கள் இலவசம். ஆயில், ஃபில்டர் மாற்றினால் அவற்றின் விலையை நீங்கள்தான் தருவீர்கள். ‘இலவசம்னு கூப்பிட்டு மூவாயிரம் வாங்கிட்டான்’ என்ற புகாரில் பாதி இந்தத் தெளிவின்மையால் வருவது. மீதிப் பாதியை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

கணக்குக்காக ஒரு சிறிய பெட்ரோல் காரின் கட்டண சர்வீஸை எடுத்துக்கொள்வோம். தொகைகள் உங்கள் ஊரில், உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கும், விகிதத்தைக் கவனியுங்கள். இன்ஜின் ஆயில் 1,450 ரூபாய், ஆயில் ஃபில்டர் 110, டிரெயின் பிளக் வாஷர் 25, ஏர் ஃபில்டர் 330, லேபர் 1,900. இதுவரை 3,815. அட்டவணைப்படி செய்ய வேண்டியது இவ்வளவுதான். அதே பில்லின் கீழ்ப்பாதியில் இருப்பவை: வீல் அலைன்மென்ட், பேலன்சிங் 900, த்ராட்டில் பாடி கிளீனிங் 750, ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட் 1,100, இன்ஜின் டிரெஸ்ஸிங் 450, எலி விரட்டி ஸ்பிரே 850, ஃபியூயல் அடிட்டிவ் 350, ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ 120. கூட்டினால் 4,520. வண்டிக்குத் தேவையானதைவிடத் தேவையா என்று யோசிக்க வேண்டியது அதிகம்! 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து மொத்தம் 9,835 ரூபாய். அலைன்மென்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்றிருந்தால் 5,564. அதாவது 4,271 ரூபாய் வித்தியாசம்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம்தான். அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 இருந்தது. லேபருக்கு முன்பும் 18, இப்போதும் 18. பழைய பில்லோடு ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள். பாக்கெட்டில் வரும் உதிரிபாகத்தில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரியும் உள்ளடங்கியது. பில்லில் அடிப்படை விலை தனியாகவும் வரி தனியாகவும் வருவது முறைதான். இரண்டையும் கூட்டினால் எம்.ஆர்.பி.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அங்கேயே கேளுங்கள்.

ஆயிலில் இரண்டு விஷயம். முதலாவது அளவு. உங்கள் இன்ஜினுக்கு எத்தனை லிட்டர் என்று மேனுவலில் இருக்கிறது. பில்லில் அதைவிட அரை லிட்டர் கூடுதலாக இருந்தால் காரணம் கேட்கலாம். பேரலிலிருந்து ஊற்றுகிற இடத்தில் ஊற்றிய அளவுக்கு மட்டும் பில் வர வேண்டும். சீல் வைத்த கேன் என்றால் மிச்சம் உங்களுடையது, கேட்டு வாங்கி டிக்கியில் போடுங்கள். இரண்டாவது கிரேடு. 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான். ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது’ என்று வெளியே சொல்பவரையும், ‘இன்னும் காஸ்ட்லி சிந்தெடிக் போட்டா மைலேஜ் ஏறும்’ என்று உள்ளே சொல்பவரையும் ஒரே மாதிரி புன்னகைத்து அனுப்புங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபிறகு வெளிவந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதற்கெனச் சாம்பல் குறைந்த ஆயில் இருக்கிறது. அதில் காசு மிச்சம் பிடிக்கப் போனால் அந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

வேண்டும், வேண்டாம்

இன்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங்: ஆயிலை நேரத்துக்கு மாற்றிவந்த இன்ஜினுக்குத் தேவையில்லை. மேனுவலில் காட்டச் சொல்லுங்கள், காட்ட மாட்டார்கள். த்ராட்டில் பாடி கிளீனிங்குக்கு ஒரு காலம் உண்டு. சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கினாலோ ஐடில் ஏறி இறங்கினாலோ செய்யலாம். பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்குச் சும்மா செய்ய வேண்டாம். இன்ஜின் டிரெஸ்ஸிங் என்பது பானட்டைத் திறந்தால் பளபளக்க வைக்கும் ஸ்பிரே. அதை நீங்களும் அடுத்த சர்வீஸில் அதே அட்வைசரும் மட்டும்தான் பார்ப்பீர்கள்.

ஏசி நாற்றத்துக்கு முதல் மருந்து கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் அது குளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியின் இரண்டு பக்கத்தையும் அழுத்திக் கீழே இறக்கினால் மூடி தெரியும். பழையதை உருவி, அம்புக்குறி பார்த்துப் புதியதைச் செருகினால் போதும். வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை செய்துவிடும் வேலைக்கு லேபர் தர வேண்டியதில்லை.

அண்டர்பாடி கோட்டிங்குக்கு ஊரைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேசுவரம், சென்னையின் கடலோரப் பகுதிகளில் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்று நிஜமான எதிரி. ஒரு முறை நன்றாகச் செய்துவைப்பது வீண் இல்லை. சேலத்திலோ கோவையிலோ வருடாவருடம் அடிக்கச் சொன்னால் தேவையில்லை.

எலி விரட்டி ஸ்பிரே வாசனை இருக்கும்வரை வேலை செய்யும். நம் தெருக்களில் எலி வயரைக் கடிப்பது கற்பனைப் பயம் இல்லை, ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும். ஆனால் வண்டிக்கு அடியில் கம்பிவலை அடிப்பதும், வண்டியை ஒரே இடத்தில் பல நாள் போட்டுவைக்காததும், பின்சீட்டில் முறுக்குத் துண்டு சிந்தாமல் பார்ப்பதும்தான் நிலைத்த வழி. நைட்ரஜன் காற்று இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

அலைன்மென்ட், பேலன்சிங் அவசியமான வேலைகள்தான். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலோ, 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் அதிர்ந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். ஆனால் நல்ல டயர் கடையில் நீங்கள் நின்று பார்க்க, கம்ப்யூட்டரில் முன்-பின் அளவுகளைக் காட்டி, பெரும்பாலும் குறைவான விலையில் செய்து தருவார்கள்.

இவ்வளவு ‘வேண்டாம்’ சொல்லிப் பழகியவர்கள் தேவையானதையும் சேர்த்து வெட்டிவிடும் ஆபத்து உண்டு. அதில் முதலிடம் பிரேக் ஆயிலுக்கு. பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். சமவெளியில் ஒன்றும் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது ஃப்ளூயிட் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருப்பார்கள். டாட் 3, டாட் 4 என்று எது என மூடியிலேயே எழுதியிருக்கும். எலி ஸ்பிரேக்குச் சரி என்று சொல்லிவிட்டு பிரேக் ஆயிலை ‘அடுத்த தடவை பார்க்கலாம்’ என்பவர்களை எந்த சர்வீஸ் சென்டரிலும் பார்க்கலாம். கூலன்ட்டும் இப்படித்தான்: அட்டவணையில் சொன்ன காலத்தில், சொன்ன வகையை மாற்றுங்கள், குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்ப விடாதீர்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின் ஆயில் செலவு இல்லையே தவிர, பிரேக் ஃப்ளூயிட் அவர்களுக்கும் உண்டு.

பிரேக் பேட், டயர் போன்றவற்றில் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். பேட் எத்தனை மில்லிமீட்டர் மீதம் இருக்கிறது என்று கேளுங்கள். புதியது பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; இரண்டு மூன்றுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். டயரில் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு இருக்கும். தேய்மானம் அதைத் தொட்டால் 1.6 மி.மீ. எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

வண்டியை விடும்போது

அட்வைசரோடு வண்டியைச் சுற்றிவாருங்கள். கீறல், நெளிவு, கிலோமீட்டர், பெட்ரோல் முள், ஸ்டெப்னி, டூல்ஸ் எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். குறையை ‘ஏதோ சத்தம் வருது’ என்று சொன்னால் ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று ஏறும். எந்த வேகத்தில், எந்தப் பக்கம், ஸ்பீடு பிரேக்கரிலா திரும்பும்போதா என்று சொல்லி, அந்த வார்த்தைகளிலேயே எழுத வையுங்கள். முடிந்தால் டெக்னீஷியனோடு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள்.

பிறகு எஸ்டிமேட். வரிவரியாகப் படியுங்கள். புரியாத ஒவ்வொரு வரிக்கும் ‘இது மேனுவலில் எங்கே இருக்கிறது?’ என்ற ஒரே கேள்வி போதும். வேண்டாததை அடிக்கச் சொல்லி, மீண்டும் பிரிண்ட் எடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். சில இடங்களில் காகிதம் இல்லை. போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், ‘சும்மா என்ட்ரிக்குத்தான் சார்’ என்பார்கள். அதுதான் கையெழுத்து.

மதியம் ஒரு போன் வரும். ‘சார், வண்டியைக் கழற்றிப் பாத்தோம். த்ராட்டில் பாடி ரொம்ப அழுக்கா இருக்கு. கிளீன் பண்ணிடவா?’

‘போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க தம்பி. எவ்வளவு ஆகும்னும் அதுலயே எழுதுங்க. பாத்துட்டுச் சொல்றேன்.’

இந்தப் பதிலிலேயே பாதி யோசனைகள் கைவிடப்படும். மீதிப் பாதிக்கு உங்களிடம் எழுத்தில் ஆதாரம் இருக்கும். வண்டி விட வரும் பெண்களிடம் சிலர் ‘வீட்டுல சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க மேடம்’ என்பார்கள். வண்டி யார் பெயரில் இருக்கிறதென்று ஆர்.சி.யைக் காட்டிவிட்டு மேனுவல் கேள்வியைத் தொடரலாம்.

மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று காலையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். சாயங்காலம் கேட்டால் ‘ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு’ என்பார்கள். ஏர் ஃபில்டரின் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதிவைப்பது நல்ல பழக்கம். வண்டியை எடுக்கும்போது டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். டீசலில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும், நிறத்தை வைத்துச் சந்தேகப்படாதீர்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் சரி.

இரண்டு மூன்று நாளில் கருத்துக் கேட்டு ஒரு அழைப்பு வரும். ‘பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார்’ என்று அட்வைசர் முன்கூட்டியே சொல்லியிருப்பார். அந்த எண்ணுக்கு அவர் சம்பளத்திலும் டீலருக்குக் கம்பெனியிடமும் மதிப்பு இருக்கிறது. வேலை நன்றாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள். பாக்கி இருந்தால் அழைப்பு வரும் முன்பே அவருக்குச் சொல்லிவிடுங்கள். அதற்குக் கிடைக்கும் வேகம் கவுன்டரில் கத்துவதற்குக் கிடைக்காது.

வாரண்டி என்னும் பூச்சாண்டி

‘வெளியே தொட்டால் வாரண்டி போயிடும்’ என்ற வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதுபார்க்கும் கருவிகளும் வெளிச்சந்தைக்குப் போகாமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே முழு வாரண்டியையும் ரத்து செய்யும் பொதுவான நிபந்தனை கூடாது, வெளியே தவறாகச் செய்த வேலையால் உண்டான சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின.

சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், கியர்பாக்ஸ் பழுதாகி நிற்கிற நாளில் கவுன்டரில் நின்று ஆணைய உத்தரவை வாசிப்பது எளிதல்ல. ஆகவே என் யோசனை இதுதான். வாரண்டி காலம் முழுவதும் அட்டவணை சர்வீஸை அங்கீகரிக்கப்பட்ட இடத்திலேயே, நாள் தவறாமல் செய்யுங்கள். மாருதி 2024 ஜூலையிலிருந்து 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. தருகிறது, மற்றவர்களுடையதை உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் பாருங்கள். வாஷ், அலைன்மென்ட், வைப்பர், பாலிஷ் எல்லாம் வெளியே. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவரின் வாரண்டி தனியே உண்டு, நேரே அந்த டீலரிடமே போகலாம். உண்மையில் வாரண்டிக்கு ஆபத்து வருவது வயரை வெட்டி ஒட்டிப் பொருத்தும் ஹார்ன், லைட், மியூசிக் சிஸ்டத்தால். கப்ளர் வைத்த வயரிங் கிட் இல்லாமல் எதையும் மாட்ட விடாதீர்கள்.

கம்பெனியே தன் தவற்றுக்காகத் திரும்ப அழைக்கும் ரீகால் வேலைக்கு நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம், வாரண்டி முடிந்திருந்தாலும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து ‘ரீகால் எதுவும் பாக்கி இருக்கா?’ என்று ஒவ்வொரு சர்வீஸிலும் கேளுங்கள்.

வாரண்டி முடிந்தபின் நல்ல தனி மெக்கானிக் கிடைத்தால் லேபரில் கணிசமாக மிச்சமாகும். பார்ட்ஸை நீங்களே வாங்கித் தருவதாக இருந்தால், சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது, ஹோலோகிராமும் எம்.ஆர்.பி.யும் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். சென்சார், ஏர்பேக், கியர்பாக்ஸ் போன்ற ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டிய வேலைகளுக்கு மட்டும் கம்பெனி இடமே மேல். ஃபோர்டு வைத்திருப்பவர்கள் நிலை வேறு: 2021 செப்டம்பரில் கம்பெனி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபின், அருகில் எஞ்சியிருக்கும் சர்வீஸ் இடத்தையும் ஃபோர்டிலேயே கைபழகிய ஒரு மெக்கானிக்கையும் சேர்த்தே பிடித்துவைப்பது நல்லது.

தகராறு என்று வந்தால்

முதலில் சர்வீஸ் மேனேஜர். பேசுங்கள், பிறகு பேசியதையே மின்னஞ்சலில் எழுதுங்கள். அடுத்து கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவு. ஜாப் கார்டு எண், சேசிஸ் எண், படங்கள் இணைத்து, கோபத்தைக் கழித்து எழுதினால் டீலரிடமிருந்து மறுநாளே போன் வரக்கூடும். அதிலும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எனவே எஸ்டிமேட், ஜாப் கார்டு, பில், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைக் குறைந்தது அதுவரை வைத்திருங்கள். சர்வீஸ் பில்களை மட்டும் வண்டி விற்கும் நாள் வரை ஒரே ஃபைலில் போட்டுவையுங்கள். வாங்க வருபவர் ஓடோமீட்டரை நம்ப மாட்டார், அந்த ஃபைலைத்தான் புரட்டுவார்.